சனிக்கிழமை வகுப்பும் சே ஸஹாராவின் வீடும்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி மகளிர் பிரிவு நடத்திய குடும்ப தின நிகழ்ச்சியில் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது திருத்தப்பட்டுள்ளது.)





நான் மேடைப் பேச்சாளன் அல்ல. அரிசியும் பருப்பும் மொத்தமாக வாங்கி விற்கிறவன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் தளவாட நிர்வாகத்தில் பட்டயம் வாங்கினேன். அதற்கு மேல் படிக்கவில்லை, கடை கூப்பிட்டுவிட்டது. போன மாதம் மகளிர் பிரிவிலிருந்து மாமி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்கள்.

"தம்பி, குடும்ப தினத்துல நீங்க பேசணும்."

"என்ன தலைப்பு மாமி?"

"ஏழைப் பிள்ளைகளுக்குப் பெண்கள் சேர்ந்து செஞ்ச தொண்டு. அதோட வரலாறு."

"அதை மகளிர் பிரிவுல யாராவது பேசினாத்தானே பொருத்தம்?"

"நாங்க பிரியாணி பார்க்கணும் தம்பி. எங்களுக்கு எங்கே நேரம்?"

என் பேச்சு முழுவதும் இந்த ஒரு பதிலைப் பற்றியதுதான்.

பொன்விழா மலர்க்குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். பழைய ஆண்டறிக்கைகளையும் கணக்குப் புத்தகங்களையும் புரட்டும் வேலை எனக்கு வந்தது. வியாபாரி என்பதால் எனக்குக் கணக்குப் புத்தகம் படிக்கப் பிடிக்கும். அறிக்கையில் எழுதாமல் விட்டதைக் கணக்கு சொல்லிவிடும். எந்த ஆண்டு யார் தலைவர், மீலாது விழாவுக்கு யார் பேச வந்தார், காற்பந்துப் போட்டியில் எந்தக் கோப்பை கிடைத்தது, எல்லாம் இருக்கின்றன. நோன்புக் கஞ்சி காய்ச்சியவர்களின் பெயர்கூட இருக்கிறது, காய்ச்சியவர்கள் ஆண்கள். சனிக்கிழமைத் துணைப்பாட வகுப்பைப் பற்றித் தேடினேன். ஆண்டுக்கு ஒரு வரி: "மகளிர் பிரிவின் துணைப்பாட வகுப்பு வழக்கம்போல் நடைபெற்றது." அடுத்த ஆண்டும் அதே வரி. அதற்கு அடுத்த ஆண்டும் அதேதான். கணக்கில் பார்த்தால் "சில்லறைச் செலவு" என்ற தலைப்பில் பிஸ்கட், மைலோ, சுண்ணக்கட்டி. பாடம் நடத்தியது யார் என்பது எங்கும் இல்லை.

நம் சங்கத்தில் மட்டும்தான் இப்படியா என்று யோசித்தேன். கொஞ்சம் வெளியேயும் தேடிப் பார்த்தேன். அப்படிக் கிடைத்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

போர் முடிந்த காலத்திலிருந்து தொடங்குகிறேன். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. மரவள்ளிக்கிழங்கு தின்ற கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழ் மக்களை சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் என்ன ஆனார்கள்? சிங்கப்பூரிலும் தகப்பனை இழந்த பிள்ளைகள், தாயையும் இழந்த பிள்ளைகள், வளர்க்க வழியில்லாமல் கைமாற்றிக் கொடுக்கப்பட்ட பெண் குழந்தைகள் என்று நிறைய இருந்தார்கள். சீனக் குடும்பங்களில் பிறந்த பெண் குழந்தைகளை நம்மவர்களும் மலாய்க்காரர்களும் எடுத்து வளர்த்தார்கள். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் சிலருக்கு நன்னியோ பெரியம்மாவோ அப்படி வந்தவர்களாக இருக்கலாம். நாம் அதைப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை.

போருக்குப் பிறகு அரிசிக்குப் பங்கீடு. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி பழையபடி வரவில்லை. கள்ளச் சந்தையில் விலை ஏறியது. அரிசி வியாபாரம் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அரிசி விலை ஏறும்போது முதலில் குறைவது அம்மாவின் தட்டு, அதற்கடுத்துக் குறைவது சின்னப் பிள்ளையின் தட்டு. சம்பாதிக்கிற ஆளின் தட்டு கடைசியில்தான் குறையும். அதை மனிதனின் கெட்ட குணம் என்று சொல்லமாட்டேன். ஏழை வீட்டுக் கணக்கு அப்படி.

1946-ல் காலனி அரசு சமூகநலத் துறையைத் தொடங்கியது. மலிவு விலையில் சாப்பாடு போடும் மக்கள் உணவகங்களை அந்தத் துறை நடத்தியது. 1947-ல் ஹேவ்லாக் சாலையில் பிள்ளைகளுக்கென்று இலவச உணவு நிலையம் ஒன்று தொடங்கியது; பிறகு வேறு இடங்களிலும் வந்தன. பணமும் பாத்திரமும் அரசாங்கத்துடையவை. வந்து நின்று பரிமாறியவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத பெண்கள். அவர்களில் ஒருவர் கான்ஸ்டன்ஸ் கோ. சாப்பாடு போட்டதோடு அந்தப் பெண்கள் நிற்கவில்லை. பிள்ளைகளின் முகம் கழுவிவிட்டார்கள், பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள், விளையாட வைத்தார்கள். இந்தக் குழந்தைகள் ஏன் இப்படிப் பசியோடு வருகிறார்கள் என்ற கேள்வியும் அவர்களுக்கு எழுந்தது. கான்ஸ்டன்ஸ் கோவும் அவருடைய தோழிகளும் 1949-ல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கண்ட விடையை ஒருவர் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். கஞ்சிக் கரண்டியைப் பிடித்தபடியே அந்தக் கேள்வி வந்ததே, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனி நம் சமூகத்துக்குள் வருகிறேன்.

சே ஸஹாரா பின்த்தே நூர் முகமது. 1907-ல் பிறந்தவர். இந்தப் பெயரை இதற்கு முன் கேட்டவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். (இரண்டு கைகள். இரண்டும் ராத்தாமார்களுடையவை. ஆண்கள் பக்கம் சுத்தம்.) எனக்கும் ஓராண்டுக்கு முன்புவரை தெரியாது.

சே ஸஹாரா 1947-ல் மலாய்ப் பெண்கள் நலச் சங்கத்தைத் தொடங்கினார். சிங்கப்பூரில் முஸ்லிம் பெண்களின் நலனுக்காக அமைந்த முதல் சங்கம் அது என்கிறார்கள். சங்கம் என்றதும் நமக்கு நாற்காலி, மேசை, பெயர்ப்பலகை, முத்திரை எல்லாம் நினைவுக்கு வரும். அவருக்கு இருந்தது அவருடைய வீடு. போரில் ஆதரவிழந்த பெண்களையும் அநாதைப் பிள்ளைகளையும் அந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தார். இனம் பார்க்கவில்லை, மதம் பார்க்கவில்லை. ஏறத்தாழ 300 பேர் அவருடைய அரவணைப்பில் இருந்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். பெண்களுக்குத் தையல், சமையல் போன்ற கைவேலைகளைக் கற்றுக்கொடுத்தார், வெளியே போய்ச் சொந்தக் காலில் நிற்கவேண்டும் என்று.

300 பேர் ஒரே சமயத்தில் இருந்திருக்கமாட்டார்கள். வந்து போனவர்களின் கணக்காக இருக்கும். அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒரு வீட்டில் ஒரு வேளைக்கு இருபது முப்பது வயிறு என்றால் எத்தனை மூட்டை அரிசி, எத்தனை கட்டு விறகு, எத்தனை சோப்பு? நான் தினமும் போடுகிற கணக்கு இது. இரவு யாருக்காவது காய்ச்சல் வந்தால் யார் விழித்திருந்தார்கள்? எந்த ஆண்டறிக்கையிலும் இதற்கு விடை கிடைக்காது.

அந்தக் காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். சொல்வதற்குக் கொஞ்சம் தயக்கம்தான். 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோக் என்ற சிறுமியின் வழக்கு. டச்சுப் பெற்றோருக்குப் பிறந்து முஸ்லிம் தாயிடம் வளர்ந்த பிள்ளை. யாரிடம் அந்தப் பிள்ளை இருக்கவேண்டும் என்ற கேள்வியில் ஊர் பற்றி எரிந்தது. 18 பேர் உயிரிழந்தார்கள். அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்களில் நம் தமிழ் முஸ்லிம் பத்திரிகையாளர் கரீம் கனியும் ஒருவர். வழக்கின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. சட்டம் தெரிந்தவர்கள் பேசட்டும். என் மனத்தில் உறுத்துவது வேறு. ஒரு பிள்ளைக்காக ஆயிரக்கணக்கான ஆண்கள் வீதிக்கு வந்த அதே ஊரில், அதே ஆண்டில், யாருமே உரிமை கோராத பிள்ளைகள் ஒரு பெண்ணின் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக யாரும் வீதிக்கு வரவில்லை. வீதிச் சம்பவம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டியிருக்கிறது.

சே ஸஹாராவின் வீட்டுக்கு வந்த பெண்களில் கணவன் விட்டுவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். 1950-களில் இங்கே முஸ்லிம் திருமணங்களின் நிலை என்னவென்று தெரிந்தால் வருத்தமாக இருக்கும். பதிவான திருமணங்களில் பாதிக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் மணவிலக்குகள் நடந்தன. ஜீவனாம்சம் கேட்டு வாங்கித் தர ஆளில்லை. தாய் தெருவில் நின்றால் பிள்ளை எங்கே நிற்கும்? பிள்ளையின் பசிக்குக் காரணம் அடுப்பில் இல்லை, நிக்காஹ் பதிவேட்டில் இருக்கிறது என்று அந்தப் பெண்கள் கண்டுகொண்டார்கள். 1952-ல் உருவான சிங்கப்பூர்ப் பெண்கள் மன்றத்தோடு சேர்ந்து சே ஸஹாரா திருமணச் சட்டச் சீர்திருத்தத்துக்காகக் குரல் கொடுத்தார். 1955-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த உலக அன்னையர் மாநாட்டுக்குப் போய்வந்தார். 1957-ல் முஸ்லிம் சட்டம் வந்தது, 1958-ல் ஷரியா நீதிமன்றம் செயல்படத் தொடங்கியது, 1961-ல் மற்றச் சமூகங்களுக்கு மாதர் சாசனம். மணவிலக்குகள் அதன் பிறகு வெகுவாகக் குறைந்தன.

1962-ல் சே ஸஹாரா மறைந்தார். அவர் தொடங்கிய சங்கம் இன்று இல்லை. பெரிய மனது கொண்ட ஒருவரைச் சுற்றி எழுந்த வீடு, அவர் போனபின் எத்தனை நாள் நிற்கும்?

இப்போது இன்னொரு சங்கம். இதைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் உண்டு, ஏனென்றால் என் மகள் அவர்களுடைய குழந்தைப் பராமரிப்பு நிலையம் ஒன்றில்தான் இருக்கிறாள். காலையில் அவளை விட்டுவிட்டுத்தான் கிடங்குக்குப் போவேன். பிபிஐஎஸ் என்று சொல்வோம். மலாயில் பெர்சத்துவான் பெமுடி இஸ்லாம் சிங்கப்பூரா. 1952-ல் 22 பெண்கள் சேர்ந்து தொடங்கியது. அவர்களில் ஒருவர் கதீஜுன் நிஸா சிராஜ். ஷரியா நீதிமன்றத்தில் குறைகளோடு வரும் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டு வழிகாட்டும் பணிக்கு முதன்முதலில் அமர்த்தப்பட்ட பெண் அவர்தான். ஆண்கள் நிறைந்த அறையில் ஒரு பெண் தன் வீட்டுப் படுக்கையறைப் பிரச்சினையை எப்படிச் சொல்லுவாள்? கேட்பதற்கு ஒரு பெண் இருந்தால்தானே வாய் திறக்கும்? 1964-ல் முஸ்லிம் பெண்கள் நல மன்றம் உருவாவதிலும் அவருக்குப் பங்கிருந்தது. 2014-ல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பெண்கள் புகழ்க்கூடத்தில் சே ஸஹாரா, கதீஜுன் நிஸா இருவருடைய பெயரும் இருக்கின்றன.

பிபிஐஎஸ் எழுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள், பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்கு மாணவர் பராமரிப்பு நிலையங்கள், குடும்பச் சேவை நிலையங்கள், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கு அஸ்ஸலாம் நிலையம், வீட்டில் இருக்க முடியாத பிள்ளைகளுக்கு வளர்ப்புக் குடும்பம் தேடித்தரும் சேவை என்று பரந்திருக்கிறது. இதில் சம்பளம் வாங்கும் சமூக ஊழியர்கள் இருக்கிறார்கள், தொண்டூழியர்களும் இருக்கிறார்கள். சிலர் என்னிடம் சொன்னார்கள், "சம்பளம் கொடுத்தால் அது தொண்டா?" என்று. நான் அப்படி நினைக்கவில்லை. பிள்ளைக்கு ஆசிரியை தினமும் வரவேண்டும். தொண்டூழியருக்கு மருமகள் பிரசவம் வரும், மகன் கல்யாணம் வரும். லாரி ஓட்டுநர் இன்று வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் ஒரு கிடங்கை நடத்தமுடியுமா? பிள்ளைகளின் படிப்பை மட்டும் அப்படி நடத்தலாம் என்று எப்படி நினைக்கிறோம்?

22 பேர் சேர்ந்து தொடங்கியது என்பதும் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் இன்னும் 21 பேர்.

நம் சமூகத்தில் பெண்கள் சேர்ந்து அமைப்பு தொடங்கியது ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கலாம். நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. நம் முன்னோரில் பலர் தனியாகக் கப்பலேறி வந்தவர்கள். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். கடைக்கு மேலே பத்துப் பேர் படுத்து எழுந்தார்கள். கடையநல்லூர்க்காரர்கள்தாம் குடும்பத்தோடு முன்பே வந்து குடியேறினார்கள். நாகூர், காரைக்கால் பக்கத்தவர்களுக்கு அது மெதுவாகத்தான் நடந்தது. பெண்களே இல்லாத இடத்தில் மகளிர் பிரிவு எங்கிருந்து வரும்? ஆனால் அந்தக் காரணம் தீர்ந்து பல காலம் ஆகிவிட்டது. இப்போதும் அதையே சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொரு சங்கடமும் நமக்கு உண்டு. 1975-ல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கியபோது மாதம் 50 காசு கொடுத்தோம். பிறகு 1982-ல் மெண்டாக்கி வந்தது, 1991-ல் சிண்டா வந்தது. இரண்டும் நல்ல வேலை செய்கின்றன. பிள்ளைகள் பலர் பயன்பெற்றிருக்கிறார்கள். ஆனால் ஒரு தமிழ் முஸ்லிம் தாய், கணவனை இழந்தவள், ஆங்கிலமும் மலாயும் சரளமாக வராதவள், பிள்ளைக்கு உதவி கேட்க முதலில் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று குழம்பி நிற்பாள். அப்படி ஒரு தாயை எனக்கு நன்றாகத் தெரியும். என் உம்மா.

எனக்கு ஒன்பது வயதில் வாப்பா மௌத்தானார்கள். உம்மா வீட்டிலேயே இடியாப்பம் பிழிந்து கடைகளுக்குக் கொடுத்தார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு எரியும். நான் தொடக்கநிலை மூன்றில் கணக்குப் பாடத்தில் தோற்றேன் (சிரிக்காதீர்கள், இப்போது கணக்குதான் பிழைப்பு). யாரோ சொல்லி உம்மா என்னை நம் சங்கத்து மாடி அறைக்குக் கூட்டிவந்தார்கள். சனிக்கிழமை காலை வகுப்பு. அங்கே இருந்த மாமி என் உம்மாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வருமானம் எவ்வளவு, வீவக வீட்டு வாடகை எவ்வளவு, எதுவும் இல்லை. "சாப்பிட்டியா வாப்பா?" என்று என்னைத்தான் கேட்டார்கள்.

வகுப்பு முடிந்ததும் ஆளுக்கு ஒரு பொட்டலம். ஒரு வாரம் நாசி லெமாக், ஒரு வாரம் ரொட்டியும் கறியும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு. அந்த வகுப்புக்கு வசதியான வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். சில மாமிமார்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளையே கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். எல்லாருமே பொட்டலத்தோடு வெளியே போனதால் யாருக்கு அது தேவை, யாருக்குத் தேவையில்லை என்று யாருக்கும் தெரியாது. அப்போது எனக்கு இது புரியவில்லை. இப்போது சரக்கு அனுப்பும்போது யோசித்துப் பார்த்தால், இதைவிடப் புத்திசாலித்தனமான விநியோக ஏற்பாட்டை என் கல்லூரியில்கூடச் சொல்லித்தரவில்லை.

ஆனால் பள்ளியில் ஒரு பையனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "வாப்பா இல்லாத பிள்ளைங்க வகுப்புக்குத்தானே போறே?" என்றான். அன்றிலிருந்து நான் அந்த வகுப்பைப் பற்றி வெளியே பேசுவதை நிறுத்தினேன். உயர்நிலைக்குப் போனதும் வருவதையும் நிறுத்தினேன். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண விருந்தில், பெரிய வாடிக்கையாளர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். மாமி என்னைப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம சனிக்கிழமைப் பிள்ளைதானே நீ?" என்று கேட்டார்கள். நான், "இல்லை மாமி, வேற யாரோன்னு நினைக்கிறீங்க" என்றேன். மாமி என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்கள். "ஆமா தம்பி, கண்ணு சரியாத் தெரியல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது.

மலர்க்குழு வேலைக்காக இந்த ஆண்டு மாமியின் வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றார்கள், உண்மையிலேயே மறந்துவிட்டவர்கள்போல. வகுப்பைப் பற்றி ஏதாவது எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து பள்ளி நோட்டுப் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார்கள். இருபதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொரு ஆண்டின் வருகைப் பதிவு, தமிழில், அவர்களுடைய சாய்வான கையெழுத்தில். சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. சில பெயர்களுக்கு இரண்டு.

"இது என்ன மாமி?"

"ஒரு புள்ளின்னா காலையில சாப்பிடாம வர்ற பிள்ளை. ரெண்டு புள்ளின்னா வீட்டுல வாப்பா இல்லை. மத்த மாமிங்க யாராவது மாத்தி வந்தா தெரியணுமில்ல?"

என் பெயரைத் தேடினேன். மூன்று புள்ளிகள் இருந்தன. மூன்றாவது எதற்கு என்று கேட்டேன். "நீ அழமாட்டே. அழாத பிள்ளையைக் கூடுதலாப் பார்த்துக்கணும்" என்றார்கள்.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அந்த நோட்டுப் புத்தகங்களில் சிலவற்றையாவது மலரில் படமாகப் போடலாம் என்று கேட்டேன். மாமி ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்கள். "பிள்ளைங்க மானம்" என்றார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று பெரிய பதவியில் இருக்கிறார்கள், சிலர் இந்த மண்டபத்தில்கூட இருக்கலாம். நான் வாதாடினேன். எழுதாமல் விட்டால் நீங்கள் செய்தது யாருக்கும் தெரியாமல் போய்விடும் மாமி, சே ஸஹாராவின் வீடுபோல ஆகிவிடும் என்றேன். "தெரியணும்னு யாரு செஞ்சா?" என்றார்கள்.

இதற்கு எனக்குச் சரியான பதில் இல்லை. இக்லாஸோடு செய்த காரியத்தை விளம்பரமாக்கக் கூடாது என்பது நமக்கு ஊட்டி வளர்த்த பாடம். அது மாமிக்குச் சரி. ஆனால் சங்கத்துக்குச் சரியா? மாமிக்கு வயது எழுபத்தாறு. முழங்கால் வலியில் மாடிப்படி ஏற முடியவில்லை. போன ரமலானிலிருந்து வகுப்பு ஒரு வாரம் நடக்கிறது, இரண்டு வாரம் நடப்பதில்லை. அவர்களோடு இருந்தவர்களில் மூன்று பேர் மௌத்தாகிவிட்டார்கள். ஆண்டறிக்கையில் மட்டும் "வழக்கம்போல் நடைபெற்றது" என்று இந்த ஆண்டும் எழுதிவிடுவோம். அந்த வரியை எழுதும் இடத்தில் இப்போது நானும் இருக்கிறேன் என்பதுதான் என்னைப் பேச வைத்தது.

அதனால் செயலவையிடம் மூன்று விஷயங்கள் கேட்கிறேன். பொன்விழா நிதியிலிருந்து சனிக்கிழமை வகுப்புக்கென்று கணக்கில் தனித் தலைப்பு வேண்டும். சில்லறைச் செலவில் அது இருக்கக்கூடாது. பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தவேண்டும், மாமிமார்களும் ராத்தாமார்களும் அவருக்குத் துணையாக இருக்கட்டும். அந்தச் சம்பளத்தில் முதல் ஓராண்டுக்கானதை நானும், அந்த வகுப்பில் படித்த என் நண்பர்கள் நான்கு பேரும் ஏற்றுக்கொள்கிறோம். அந்த நான்கு பேரும் தங்கள் பெயரைச் சொல்லவேண்டாம் என்றார்கள், புரிந்துகொள்ளுங்கள். மூன்றாவது, செயலவையில் பெண்களுக்கு இடம். மகளிர் பிரிவுத் தலைவி அழைப்பின்பேரில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவதை நான் சொல்லவில்லை. ஓட்டு உள்ள இடம், பொருளாளர் உட்படக் கையெழுத்துப் போடும் இடம். தலைவர் நானா என்னை முறைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இல்லை, சிரிக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

போன வாரம் மாமியிடம் மறுபடி போனேன். ஓர் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட வெளியே வராது. வகுப்பு நடத்திய, சமைத்துக் கொண்டுவந்த, பிள்ளைகளைக் கைபிடித்துச் சாலை கடக்கவைத்த பெண்களின் பெயர்களை அவர்கள் வாய்விட்டுச் சொல்வார்கள், நான் எழுதுவேன். மௌத்தான மூவரின் பெயர் முதலில். தன் பெயர் கடைசியில்தான் வரவேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாமியின் வீட்டில் தொடங்குகிறோம். உங்கள் உம்மாவோ நன்னியோ அந்த மாடி அறையில் வேலை செய்தவர்களாக இருந்தால், நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் என்னிடம் பெயர் கொடுங்கள். முடிந்தால் அவர்களையும் கூட்டிவாருங்கள். அன்று பிரியாணி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அரிசி என் கடையிலிருந்து வரும், ஆக்குவது ஆண்கள்.

வஸ்ஸலாம்.